சீயப் போர்மீன் குஞ்சு வளர்ப்பு: மாணவர்க்கேற்ற வீட்டுச் செய்கை

விதைநெல்லை நீரில் ஊறவைத்தபின் நாற்றுமேடைக்கு நிலந்தேடும் கமக்காரர் எவருமிலர். முளைகொண்ட விதை காத்திராது என்பதை அவர் நன்கறிவார். ஆதலின் மேடையைப் பண்படுத்தி, மட்டஞ்செய்து, நீர் நிறுத்தி, எல்லாம் ஆயத்தமான பின்னரே விதைச் சாக்கை நீரில் இறக்குவார். மீன் குஞ்சு வளர்ப்பிலும் இவ்வொழுங்கே முதன்மையானது. அதனைக் கைக்கொள்ளாமையாலேயே மாணவர் பலரின் முயற்சி வீணாகின்றது.

பாடசாலையில் விவசாயமோ விஞ்ஞானமோ கற்கும் பிள்ளைகள் தம் செயற்றிட்டத்துக்குத் தெரிந்தெடுக்கும் மீன்களுள் சீயப் போர்மீன் ஒன்று. கடைகளில் இது ‘பைட்டர்’ எனவும் ‘பெற்றா’ எனவும் வழங்கும். சிறு இடம் போதும். காற்றூட்டும் கருவி வேண்டுவதில்லை. சோடி சேர்த்தால் ஓரிரு நாளில் முட்டை இட்டுவிடும். இவ்வளவும் எளிது. ஆயினும் முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகள் நீந்தத் தொடங்கிச் சில நாட்களுள் ஒருங்கே மடிந்துபோதல் முதன்முறை முயல்வோர் பலர்க்கு நேர்வதாகும். பிள்ளை நீரைக் குறைகூறும், மருந்து தேடும். உண்மைக் காரணம் பெரும்பாலும் பசியே. குஞ்சின் வாய்க்கு ஏற்ற உயிருள்ள தீன் அன்று வீட்டில் இல்லை என்பதே குறை. அக்குறை நேராது இச்செய்கையை நடத்தும் முறையும், அதில் பெற்றோராகிய கமக்காரர் கவனிக்க வேண்டியனவும் இங்கே கூறப்படுகின்றன.

மீனின் தாயகமும் இயல்பும்

முன்னர் சீயம் என வழங்கிய தாய்லாந்தின் மத்திய சமவெளியே இம்மீனின் தாயகம். அங்கே நெல்வயல்களிலும், வாய்க்கால்களிலும், புல் அடர்ந்த ஆழமற்ற சதுப்புகளிலும் இது இயற்கையாக வாழ்கின்றது. அந்நாட்டார் இதனைக் ‘கடிக்கும் மீன்’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். 1910 ஆம் ஆண்டில் இதற்கு இன்றைய விஞ்ஞானப் பெயர் இடப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசாங்கம் இதனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காகப் பிரகடனஞ் செய்தது. வயல்மீன் குட்டையான செட்டைகளும் மங்கிய நிறமும் உடையது. இன்று கடைகளிற் காணும் நீண்ட செட்டைகளும் பல நிறங்களும் மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கியதன் பயன்.

வயல் நீர் வெயிலிற் சூடேறும். அழுகும் இலைகுழைகளால் அதில் ஒட்சிசன் குறையும். அந்நீரில் உயிர்வாழ்வதற்கு இம்மீனுக்குச் செவுள்கள் மட்டும் போதா. தலையின் இருமருங்கும் செவுள்களுக்கு மேலாக மடிப்புகள் நிறைந்த ஓர் உறுப்பு உண்டு. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயாற் காற்றை விழுங்கி அவ்வுறுப்பின் வழியாகச் சுவாசிக்கும். நம் நாட்டு வயல்களிலும் குளங்களிலும் காணும் பனையேறிக் கெண்டையும் விராலும் இவ்வாறே காற்றைச் சுவாசிப்பன என்பதைக் கமக்காரர் அறிவர். போர்மீனின் குஞ்சு இவ்வுறுப்புடன் பிறப்பதில்லை. மூன்றாம் வாரமளவில் தொடங்கிச் சில வாரங்களிலேயே அது உருவாகும். அதுவரை குஞ்சு செவுளாலேயே சுவாசிக்கின்றது. இது பின்னர்க் கூறப்படும் சில விதிகளுக்கு அடிப்படையாகும்.

ஆண்மீன் பிற ஆண்மீனைக் கண்டவிடத்துச் சண்டையிடும். இவ்வியல்பைக் கொண்டு பந்தயம் வைத்தல் சில நாடுகளில் வழக்கமாயிருந்தது. மாணவர் எவ்விதத்தும் அதனைச் செய்யலாகாது. மீன் காயமுற்று நோய்ப்படுவதன்றி அதனால் ஒரு பயனுமில்லை.

முதலில் தீன் ஆயத்தஞ் செய்தல்

முட்டையினின்று வெளிவரும் குஞ்சு மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாது. அதன் வாயில் நுழையத்தக்கன நுணுக்குக்காட்டியாற் பார்க்கவேண்டிய நுண்ணுயிர்களே. கடையில் விற்கும் தூள் தீனைக் குஞ்சு பெரும்பாலும் தீண்டாது. அசையும் பொருளையே அது தீனென்று அறியும். தீண்டப்படாத தூள் அடியிற் படிந்து நீரைக் கெடுக்கும். ஆகவே பின்வரும் தீன்களைச் சோடி சேர்ப்பதற்கு முன்னரே உண்டாக்குதல் வேண்டும்.

வைக்கோல் நீர்: பூச்சிநாசினி தெளிக்கப்படாத வயலின் வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு பிடியளவு எடுத்து, நீரிற் கொதிக்கவைத்து ஆறவிடுக. அதனை இரண்டு அல்லது மூன்று இலீற்றர் கொள்ளும் கண்ணாடிச் சாடியில் இட்டு, நீர்ப்பூண்டு வளர்ந்த தெளிந்த குளத்து நீரில் ஒரு குவளை சேர்த்து, வாயை மெல்லிய துணியாற் கட்டி, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைக்க. முதற் சில நாட்களில் நீர் பால்போற் கலங்கித் துர்நாற்றம் வீசும். அது பற்றீரியாக்கள் பெருகும் காலம். அப்பொழுது அந்நீரைக் குஞ்சுகளுக்கு இடலாகாது. ஒரு வாரமளவில் கலங்கல் தெளிந்து நாற்றம் குறையும். சாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வெண்டூசி போன்றவை தாமாக அசைவதைக் காணலாம். அவை பற்றீரியாக்களை உண்டு பெருகிய நுண்விலங்குகள். குஞ்சின் முதற்றீன் அவையே. ஒரு சாடி சில நாட்களே பயன்தரும். ஆகவே மூன்று நாட்களுக்கு ஒன்றாக மூன்று சாடிகள் ஆக்கிவைத்தல் நன்று.

நீர்த்தெள்ளு: மழைக்காலத்துக் குட்டைகளிற் கூட்டமாகத் துள்ளி நீந்தும் மிகச் சிறிய உயிரினம் இது. ஐம்பது இலீற்றர் கொள்ளும் தொட்டியில் நீர் நிரப்பி, நன்கு காய்ந்த மாட்டெருவை ஒரு பிடியளவு துணியிற் கட்டித் தொங்கவிட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் நீர் பச்சையாகும். அந்நீரில் நீர்த்தெள்ளு சிறிதளவு விட்டால் ஒரு வாரத்துள் பெருகும். குட்டையினின்று எடுக்கும்போது தும்பியின் இளம்பருவங்களும் நீர்வண்டுகளும் உடன்வருதல் உண்டு. அவை குஞ்சுகளைத் தின்பன. ஆதலால் வடித்தெடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்திற் சோதித்த பின்னரே தொட்டியில் விடுதல் வேண்டும்.

ஆட்டீமியா: இவ்வுவர்நீர் உயிரினத்தின் உலர்ந்த முட்டைகள் கடைகளிற் கிடைக்கும். ஓர் இலீற்றர் நீரில் அயடீன் சேராத உப்பு 25 கிராம் கரைத்து, முட்டைகளை இட்டு, சிறு காற்றுக் கருவியால் இடைவிடாது கலக்கிவந்தால் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாளளவில் அவை பொரிக்கும். வெறுங் கோதுகளை நீக்கி, நன்னீரில் அலசிய பின்னர் இடுதல் வேண்டும். இது சிறந்த தீனாயினும் விலை மிக்கது. நீர்த்தெள்ளை நன்கு வளர்த்தவர்க்கு இது இல்லாமலும் முடியும்.

அவித்த கோழிமுட்டையின் மஞ்சட்கருவைத் துணியிற் பிழிந்து இடுவாருமுளர். அது நீரை விரைவிற் கெடுக்கும். வேறு தீன் இல்லாத நேரத்தில் ஊசிமுனையளவு இடுவதன்றி அதனை நம்பியிருத்தல் தவறு.

தீன் சாடிகளும் தொட்டிகளும் அனைத்தும் நுளம்பு புகாவண்ணம் மெல்லிய துணியால் மூடப்பட்டிருத்தல் கட்டாயமாகும். மூடாத தொட்டி டெங்கு நுளம்பை வளர்க்கும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வீட்டு வளவில் நுளம்பு பெருகவிடுதல் குற்றமாகும். மீன் வளர்க்கும் வீடு அயலவர்க்குக் காய்ச்சல் தரும் வீடாகலாகாது.

தொட்டியும் நீரும்

முட்டை இடுவிப்பதற்கு 15 முதல் 20 இலீற்றர் கொள்ளும் அகன்ற பிளாஸ்ரிக் பாத்திரமோ கண்ணாடித் தொட்டியோ போதும். நீரின் ஆழம் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். கீழே விழும் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண்மீன் வாயாற் பொறுக்கி மேலே கூட்டுக்குக் கொண்டுவரும். ஆழம் மிகுந்தால் அது களைத்துப்போகும். அடியில் மணலோ கல்லோ இடலாகாது. முட்டைகள் அவற்றினிடையே மறைந்துவிடும். ஒரு மூலையில் நீர்ப்பாசி சிறிதும் கவிழ்த்த சட்டித் துண்டொன்றும் வைத்தல் பெண்மீன் ஒளிந்துகொள்வதற்கு உதவும். மறு மூலையில் காய்ந்த நாட்டு வாதுமை இலையொன்றை மிதக்கவிடுக. ஆண்மீன் அதன்கீழ் நுரைக்கூடு கட்டும்.

குழாய் நீராயின் குளோரீன் நீங்கும்பொருட்டு அகன்ற பாத்திரத்தில் ஒரு நாளேனும் திறந்துவைத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்று சுண்ணாம்புக்கல் நிலமுள்ள இடங்களின் கிணற்று நீர் கடினமானது. மழைநீர் கிடைப்பின் பாதிக்குப் பாதி கலத்தல் நன்று. நீரின் வெப்பம் 27 அல்லது 28 பாகை செல்சியஸ் அளவில் மாறாதிருத்தல் வேண்டும். தாழ்நிலப் பகுதிகளில் இது தானே அமையும். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளிலும் மலைநாட்டிலும் நீரைச் சூடேற்றும் கருவியின்றித் தொடங்காதிருத்தல் அறிவுடைமை.

சோடி தெரிதலும் முட்டையிடலும்

நான்கு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடைப்பட்ட, செட்டை முழுமையான, சுறுசுறுப்பான மீன்களைத் தெரிக. பெண்மீன் ஆணிலும் சிறிது சிறிதாயிருத்தல் நலம். இரண்டையும் வெவ்வேறு போத்தல்களில் வைத்து, இரு வாரங்களுக்கு நுளம்புக் குடம்பி, நீர்த்தெள்ளு ஆகிய உயிர்த்தீன் கொடுத்துவருக. பெண்மீனின் வயிறு பருத்து, அதன் கீழே வெண்புள்ளியொன்று தோன்றினால் அது முட்டையிடுதற்குரிய பருவம்.

ஆண்மீனை முதலில் தொட்டியில் விட்டு, பெண்மீனைக் கண்ணாடிக் குவளையில் இட்டு அதே தொட்டியினுள் வைக்க. ஆண் அதனைக் கண்டு காற்றை விழுங்கி உமிழ்ந்து நுரைக்கூடு கட்டத் தொடங்கும். கூடு விரிந்து, பெண்ணின் உடலிற் குறுக்குக் கோடுகள் தெரியும்போது அதனை மெதுவாக வெளியே விடலாம். சிறிது துரத்துதலும் செட்டை கிழிதலும் இயல்பே. ஆயினும் இரு நாட்களாகியும் முட்டையிடாது பெண்மீன் பலமாகக் காயமுறின் இரண்டையும் பிரித்து, ஓய்வு கொடுத்து, வேறொரு முறை முயலவேண்டும்.

முட்டையிடுங்கால் ஆண்மீன் தன் உடலை வளைத்துப் பெண்ணைக் கூட்டின்கீழ் அணைத்துக்கொள்ளும். அணைப்பு நெகிழ வெண்ணிற முட்டைகள் சில கீழிறங்கும். ஆண் அவற்றை வாயிற் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். இவ்வாறு பலமுறை நிகழ்ந்து சில மணித்தியாலங்களில் நூறு முதல் முந்நூறுக்கு மேற்படவும் முட்டைகள் சேரும். பின்னர் ஆண் பெண்ணைத் துரத்தும். அப்பொழுது நீர் அலையாவண்ணம் பெண்மீனை எடுத்து வேறு பாத்திரத்தில் விடுக. அன்றேல் அது முட்டைகளைத் தின்னவும் கூடும், ஆணாற் கொல்லப்படவும் கூடும்.

காவல் தந்தையுடையது. அதனை அடிக்கடி எட்டிப்பார்த்தலும், இரவில் விளக்கைச் சடுதியாக ஏற்றலும், பாத்திரத்தை நகர்த்தலும் ஆகா. அச்சமுற்ற ஆண் முட்டைகளைத் தானே தின்றுவிடுதல் உண்டு. 24 முதல் 48 மணித்தியாலங்களில் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டிலே தொங்கிநிற்கும். விழுபவற்றைத் தந்தை மீண்டும் மேலே சேர்க்கும். இந்நாட்களில் குஞ்சின் வயிற்றிலுள்ள கருவூணே அதற்கு உணவாதலால் வேறு தீன் வேண்டுவதில்லை. இரண்டு மூன்று நாட்களில் கருவூண் தீர்ந்து, குஞ்சுகள் படுக்கையாக நீந்தத் தொடங்கும். அன்றே ஆண்மீனை எடுத்துவிடுதல் வேண்டும். அன்றே முதற் சாடியின் வைக்கோல் நீரும் ஆயத்தமாக நிற்றல் வேண்டும்.

நாள் ஒழுங்கு

முட்டையிடும் நாளைக் கணக்கின் தொடக்கமாகக் கொண்டு மாணவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு பின்வருமாறு:

14 நாட்களுக்கு முன்: பெற்றோர் மீன்களுக்கு உயிர்த்தீன், நீர்த்தெள்ளுத் தொட்டி அமைத்தல்.
7 நாட்களுக்கு முன்: முதலாவது வைக்கோற் சாடி.
4 நாட்களுக்கு முன்: இரண்டாவது சாடி.
1 அல்லது 2 நாட்களுக்கு முன்: சோடியைத் தொட்டியில் இடல், மூன்றாவது சாடி.
முட்டையிட்ட நாள்: பெண்மீனை நீக்கல்.
1 முதல் 2 ஆம் நாள்: பொரித்தல்.
3 முதல் 5 ஆம் நாள்: குஞ்சு நீந்தல், ஆண்மீனை நீக்கல், நுண்ணுயிர்த் தீன் தொடங்கல்.
8 முதல் 10 ஆம் நாள் வரை: நீர்த்தெள்ளின் குஞ்சுகள் அல்லது ஆட்டீமியா தொடங்கல்.
8 ஆம் வாரம் முதல்: ஆண்மீன்களைப் பிரித்தல்.

முதலாவது வைக்கோற் சாடியில் நுண்விலங்குகள் அசையக் காணாதவரை சோடியைச் சேர்க்கலாகாது. இவ்வொழுங்கு முழுவதிலும் மீறக்கூடாத விதி இதுவே. சாடி தவறிப்போயின் ஒரு வாரம் பொறுத்து மறுபடி ஆக்கிக்கொள்ளலாம். பெற்றோர் மீன்களுக்கு அதனால் யாதொரு கேடுமில்லை. பொரித்த குஞ்சோ இரு நாளும் பொறுக்கமாட்டாது.

முதல் ஐந்து வாரங்கள்

தீனைச் சிறிது சிறிதாக நாளுக்கு மூன்று நான்கு முறை இடுக. சாடியின் நடுப்பகுதி நீரைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து, தொட்டியிற் பல இடங்களிற் சொட்டாக விடவேண்டும். தீன் போதுமோ என்பதை ஐயமின்றி அறியும் வழி, கைவில்லையாற் குஞ்சின் வயிற்றைப் பார்த்தலே. உண்ட குஞ்சின் வயிறு உருண்டிருக்கும். ஆட்டீமியா உண்டதாயின் செம்மஞ்சளாகத் தோன்றும். ஒட்டிய வயிறும் தலை பெருத்த தோற்றமும் பட்டினியின் அடையாளம். பாடசாலை செல்லும் பிள்ளை காலையிலும் மாலையிலும் இடினும், நண்பகலில் வீட்டிலுள்ள ஒருவர் ஒருமுறை இடுதற்கு முன்னரே ஒழுங்கு செய்துகொள்ளவேண்டும்.

முதல் வாரத்தில் நீரை மாற்றுதல் வேண்டாம். அடியிற் கிடக்கும் கழிவை மட்டும் மெல்லிய குழாயால் இறக்கிவிடலாம். இறக்கும் நீரை வெள்ளைப் பாத்திரத்திற் பிடித்து, தவறி வந்த குஞ்சுகளை மீட்டுக்கொள்க. இரண்டாம் வாரம் முதல் இரு நாட்களுக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை, அதே வெப்பமுள்ள நீரால், துளித்துளியாக மாற்றுக. நீரின் ஆழத்தையும் படிப்படியாக உயர்த்திவரலாம்.

மூன்றாம் வாரம் தொடங்கிக் காற்றுச் சுவாச உறுப்பு உருவாகும் காலத்தில் குஞ்சுகள் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கப் பழகும். நீரின்மேல் எண்ணெய்போற் படலம் படிந்தால் அவை காற்றை எட்டமாட்டா. வெற்றுக் காகிதத்தை நீர்மேற் பரப்பி எடுத்தால் படலம் அகலும். மேலுள்ள காற்றுக் குளிர்ந்திருப்பதும் ஆபத்து. ஆதலின் பாத்திரத்தை மூடியால் மூடி, சிறிதளவு இடைவெளி மட்டும் விட்டுவைத்தல் வேண்டும்.

குஞ்சுகள் ஒருசீராக வளரா. பெரியன சிறியவற்றைத் தின்னவும் தொடங்கும். நாற்றை நடும்போது வலியது மெலியது பார்ப்பதுபோல, வளர்ந்தவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் எஞ்சியவையும் தேறும்.

பிரித்து வளர்த்தல்

எட்டாம் வாரமளவில் ஆண்மீன்கள் நீண்ட செட்டையும் சண்டைக் குணமும் காட்டும். அவற்றைத் தனித்தனிச் சாடிகளில் இடுதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலீற்றர் நீரேனும் தேவை. அதனிலும் கூடுதலாயின் நன்று. சாடிகளுக்கிடையே கடதாசி மட்டை வைத்து ஒன்றையொன்று காணாதவாறு மறைக்கவேண்டும். பெண்மீன்களை ஒரே தொட்டியில் வளர்க்கலாம்.

இவ்விடத்திற் பிள்ளைகள் கணக்கில் தவறுவர். ஒரே ஈற்றில் அறுபது ஆண்மீன் தேறினால் அறுபது சாடிகள் வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை அறுபதின் நீரையும் மாற்றவேண்டும். ஆகவே வீட்டிற் சாடிக்கும் கைக்கும் எவ்வளவு இடமுண்டு என்பதைப் பார்த்தே எத்தனை சோடி சேர்ப்பது என்று முடிவு செய்தல் வேண்டும். முதலாண்டில் ஒரு சோடியே போதும். மாற்றி எடுக்கும் நீரில் உப்போ மருந்தோ கலந்திராவிடின் அதனைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு ஊற்றலாம். மீன் கழிவிலுள்ள நைதரசன் பயிருக்குப் பசளையாகும்.

பதிவும் பரிசோதனையும்

மீனை வளர்த்தல் மட்டும் செயற்றிட்டமாகாது. கண்டதை அளந்து எழுதிவைத்தலே அதனைக் கல்வியாக்கும். காலை மாலை நீரின் வெப்பம், இட்ட தீன், இறந்த குஞ்சுகளின் தொகை, மாற்றிய நீரின் அளவு ஆகியவற்றை நாடோறும் குறிக்க. வாரத்துக்கொருமுறை பத்துக் குஞ்சுகளைக் கட்டமிட்ட தாளின்மேல் வைத்த ஆழமற்ற கண்ணாடித் தட்டில் விட்டு நீளத்தை அளந்து சராசரி காண்க.

ஒப்பீடு செய்ய விரும்பும் மாணவர் ஒரே ஈற்றின் குஞ்சுகளைத் தொகை சமமாக நான்கு பாத்திரங்களிற் பிரித்து, இரண்டுக்கு வைக்கோல் நீரும் நீர்த்தெள்ளும், இரண்டுக்கு வைக்கோல் நீரும் ஆட்டீமியாவும் கொடுத்துப் பார்க்கலாம். நீர், வெப்பம், இடம், தீனிடும் வேளை ஆகியன நான்கிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒரு பசளையைச் சோதிக்கும் கமக்காரர் பாத்திகள் இரண்டிலும் ஒரே விதையை ஒரே நாளில் நடுவது இக்காரணம் பற்றியே. ஒரே வகைக்கு ஒரு பாத்திரம் மட்டும் வைப்பின், அது தற்செயலாகக் கெட்டபோது தீனின் குற்றமோ பாத்திரத்தின் குற்றமோ என்று அறியமுடியாது.

பரம்பரையியல் கற்கும் உயர்தர மாணவர்க்கும் இம்மீன் உதவும். ஒளிரும் நீலநிறப் போர்மீன்கள் இரண்டைச் சோடி சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் நீலமாயிரா. சராசரியாக நாலில் ஒரு பங்கு பச்சையாகவும், நாலில் இரு பங்கு நீலமாகவும், நாலில் ஒரு பங்கு மங்கிய உருக்கு நிறமாகவும் அமையும். பச்சையையும் உருக்கு நிறத்தையும் சேர்த்தால் குஞ்சுகள் யாவும் நீலமாகும். முற்றாக ஆட்சி செலுத்தாத நிறமூர்த்தக் காரணிகளுக்கு இது கண்ணாற் காணத்தக்க சான்று. விரும்பிய நீலத்தை அதன் வித்தாகவே எடுத்துவைக்க முடியாது என்பதும் இதனால் விளங்கும். கலப்பின விதையினின்று பெற்ற விளைச்சலை மறுபோகத்துக்கு விதையாக வைத்த தோட்டக்காரர்க்கு இது புதிதன்று.

வயலினின்று வரும் ஆபத்து

பிள்ளையின் தொட்டி கமக்காரரின் வீட்டில் இருக்கும்போது சிறப்பாக ஓர் எச்சரிக்கை வேண்டும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினிகளுட் பல மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சாவன. பைரெத்திரொயிட்டு வகையைச் சேர்ந்தவை மிகக் கொடியன. நீர்த்தெள்ளும் நுண்விலங்குகளும் மீனுக்கு முன்னரே மடியும். ஆதலால், மருந்து தெளித்த வயலின் வைக்கோலையோ வாய்க்கால் நீரையோ தீனுக்கு எடுக்கலாகாது. தெளிகருவியைத் தொட்டிக்கு அருகே கழுவலாகாது. தெளித்துவந்த கையை நன்கு கழுவாமல் தீன் இடலாகாது. மருந்து அளந்த வாளியை எவ்வளவு கழுவினும் மீனுக்குப் பயன்படுத்தலாகாது; அதனை அடையாளமிட்டு வேறாக வைக்கவேண்டும். காற்று வீட்டை நோக்கி வீசும் நாளில் அயலிலே தெளிப்பு நடந்தாலும், நுளம்பை ஒழிக்கச் சுகாதாரப் பகுதியினர் புகையூட்டினாலும் தொட்டிகளை இறுக மூடுக. நுளம்புச் சுருளையும் அவ்வறையில் எரிக்கவேண்டாம்.

இரு மாதங்கள் பிள்ளை கண்விழித்து வளர்த்தவை அரை நாழிகையில் மிதந்துபோதல் இவற்றுள் ஒன்றினால் நேரக்கூடும். அதனைத் தடுத்தல் பிள்ளையின் கையில் மட்டும் இல்லை.

நீர்நிலைகளில் விடலாகாது

மிஞ்சிய மீன்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுதல் இரக்கமெனத் தோன்றினும் பெருந்தவறாகும். அலங்கார மீனாக வந்து நம் நீர்நிலைகளிற் புகுந்த கத்திமீனும், தொட்டி துப்புரவாக்கும் மீனும் இன்று மீனவர்க்கும் நாட்டு மீன்களுக்கும் தொல்லையாகியுள்ளன. போர்மீனும் அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் தப்பிச்சென்று இயற்கை நீரில் நிலைத்துவிட்டது. இதன் உறவாகிய நுரைக்கூடு கட்டும் சிறுமீன்கள் இலங்கைக்கே உரியனவாக நம் ஈரவலய ஓடைகளில் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய மல்புலுத்தா 1937 ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அயல்நாட்டு மீனும் அதனுடன் வரும் நோயும் இவற்றுக்குக் கேடாகும். இந்நாட்டு மீன்களை ஓடைகளிற் பிடித்து வளர்க்க முயலுதலும் கூடாது.

நீர்ப்பூண்டு தெரிதலிலும் கவனம் வேண்டும். ஆகாயத்தாமரையைத் தடுப்பதற்கென 1909 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அப்பூண்டும் சல்வீனியாவும் வயலுக்கும் வாய்க்காலுக்கும் பகையானவை. அழகு கருதி இவற்றைத் தொட்டியில் வளர்த்தல் அயல் வயல் அனைத்துக்கும் தீங்காகும்.

விற்பனை

நான்கு, ஐந்து மாதத்தில் ஆண்மீன்கள் விலைக்கேற்ற தோற்றம் பெறும். நிறமும் செட்டையும் குறைவற்ற ஆண்மீனே விலைபோகும். பெண்மீனுக்கு மதிப்புக் குறைவு. ஆகவே ஓர் ஈற்றின் குஞ்சுகள் யாவும் பணமாகுமென எண்ணலாகாது. தொடங்குமுன் அண்மையிலுள்ள கடைக்காரரிடம் எந்நிறம், எவ்வளவு தொகை வாங்குவார் எனக் கேட்டறிதல் வேண்டும். பெற்றோர் மீன், சாடி, தீன், மின்சாரம் ஆகியவற்றின் செலவை ஒருபுறமும், விற்ற தொகையை மறுபுறமும் எழுதிவருக. முதலாண்டில் வரவும் செலவும் ஒத்துவருமாயின் அதுவே நற்பேறு. விலைமிக்க வெளிநாட்டுச் சோடிகளைக் கடன்பட்டு வாங்குதல் தகாது.

இச்செய்கையைப் பெருக்க விரும்புவோர்க்கு, 1998 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லையில் அலங்கார மீன் இனவிருத்தி நிலையமொன்றை நடத்திவருகின்றது. அதன் அலுவலரிடம் ஆலோசனை பெறலாம்.

பயிர்ச்செய்கைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இம்முயற்சி அந்நியமானதன்று. விதைக்குமுன் மேடை, நடுமுன் நீர், அறுக்குமுன் களம் என்று வீட்டில் நாளும் காணும் ஒழுங்கையே அது சிறு பாத்திரத்திற் கைக்கொள்ளக் கற்கின்றது. பெற்றோர் செய்யவேண்டுவது பெரிதன்று: தெளிக்காத வைக்கோல் ஒரு பிடி எடுத்துவைத்தலும், நண்பகலில் ஒருமுறை தீன் இடுதலும், மருந்து வாளியைத் தூர வைத்தலுமே. வைக்கோற் சாடி தெளியும்வரை சோடி சேர்க்கப் பிள்ளை அவசரப்பட்டால், நாற்றுமேடையைக் காட்டி அதனைப் பொறுத்திருக்கச் சொல்க.